விசில் அண்ணையின் கடதாசித் தட்டுகள்

எண்பதுகளில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த தமிழர்களில் விசில் அண்ணையை வாதத்தில் வென்றவர் ஒருவரும் கிடையாது. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரோடு ஒரே வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காத்தவர். அகதியாக வந்து இறங்கியபோது கழுத்தில் விசில் தொங்கியது. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டில், வாதத்தில் யாராவது வரம்பு மீறினால் அதை ஊதுவார். முதல் தடவை ஊதியபோது, தீ என்று நினைத்துக் கீழ்வீட்டார் செருப்போடு பனிக்குள் இறங்கி நின்றார்கள்.

வேலை செய்ய அனுமதி வரும்வரை எங்களுக்கு வாதம்தான் வேலை. அதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அண்ணை, சமைக்கும் குசினிச் சுவரில் புகழ் மண்டபம் திறந்தார். ஊரில் ஆடி ஓய்ந்த உதைபந்தாட்டக்காரரில் தகுதியானவர்களுக்கு மட்டும் இடம். படங்கள் எவரிடமும் இல்லை. ஆகவே ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஆணியில் ஒரு கடதாசித் தட்டு, நடுவில் பெயர். என் கையெழுத்து நேராக இருக்கும் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு.

சட்டம் இரண்டு. ஆட்டக்காரர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அவரிடம் தோற்ற ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

“சொந்தக்காரன் சொன்னாப் புகழ்ச்சி. தோத்தவன் சொன்னாத்தான் சாட்சி,” என்பார் அண்ணை.

எங்களோடு இருந்த மட்டக்களப்பு யோசேப்பு, தன் மாமாவிடம் தோற்ற ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து ஒரு தட்டு வாங்கினான். பிறகு ஊரிலிருந்து வந்த ஒருவர், கோயில் பெருநாள் ஆட்டத்தில் மாமா இறங்கிக் கோல் போட்டதாகச் சொன்னார். யோசேப்பு பெருமையில் துள்ளினான். அண்ணை விசில் ஊதினார்.

“தட்டைக் கழட்டு.”

“அண்ணை, மனுசனுக்கு அம்பது வயசு.”

“அதுக்கு நான் என்ன செய்ய? இன்னும் ஆடுறார்.”

எங்களுக்குக் குளிர்க் கோட்டுகள் கொண்டுவரும் சென்னை டாக்டர் ஒருவர் புறநகரான கர்க்லாண்டில் இருந்தார். அவரும் மாட்டிக்கொண்டார். தன் கல்லூரிக் கேப்டனுக்கு ஒரு தட்டுக் கேட்டார். “தோத்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ டொக்டர்,” என்றார் அண்ணை. டாக்டர் அடுத்த ஞாயிறு ஒட்டாவாவிலிருந்து ஒரு பேராசிரியரைக் காரில் ஏற்றி வந்தார். பேராசிரியர் தேநீரைக் குடித்துவிட்டு, “நாங்க எங்க தோத்தோம்? ரெஃபரி அவங்க ஆளு,” என்றார். டாக்டர் அவரைத் திரும்பக் கொண்டுபோய்விட மறுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அண்ணைக்கும் ஓர் ஆசை இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தன் தட்டுக்கென்று ஓர் ஆணியை வெறுமையாக விட்டிருந்தார். மட்டக்களப்பு அணியோடு நடந்த இறுதியாட்டத்தில் பெனால்டி ஒன்றைப் பிடித்து வென்று கொடுத்தவர் அவர். சாட்சிதான் இல்லை. மட்டக்களப்பார் யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்பார், பிறகு, “பந்து ஆடினனீரோ?” என்பார்.

ஒருநாள் யோசேப்பு மெட்ரோவில் கண்டுபிடித்த ஒருவரை அழைத்து வந்தான். “அண்ணை, அந்தப் பெனால்டி அடிச்ச ஆள்.”

அண்ணை தன் கையால் தேநீர் ஊற்றினார். பாதி மேசையில் ஊற்றுண்டது. “ஞாபகம் இருக்கோ?”

“மறக்க ஏலுமா? நல்ல பிடி. தோத்தது நான்தான்.”

நான் தட்டையும் பேனையையும் எடுத்தேன்.

“ஆனா நான் பந்தை அடிக்க முதல் நீங்க கோட்டை விட்டு அசைஞ்சிட்டீங்க. நடுவர் காணல்ல.”

அண்ணை மறுத்திருக்கலாம். அவர் மறுத்தால் வெல்ல யாரால் முடியும்? அண்ணை ஆணியைப் பார்த்தார். “ஓம். அரையடி.” என் பக்கம் திரும்பினார். “பேனையை மூடும்.”

வந்தவரையும் இருத்திச் சோறு போட்டோம். கடைசியில் யோசேப்பு எழுந்தான்.

“அண்ணை, தோத்தவன் சாட்சி சொல்லோணும், அவ்வளவுதானே சட்டம்? இந்த வீட்டுல உங்களிட்ட வாதத்துல தோக்காத ஆரு இருக்கா? நாங்க அஞ்சு பேரும் சாட்சி.”

“என்னையும் சேருங்க,” என்றார் வந்தவர். “தேத்தண்ணிக்குச் சீனி வேணாம் எண்டு சொன்னன். மூணு கரண்டி குடிச்சிருக்கன்.”

எல்லோரும் கை தூக்கினோம். அண்ணை மூக்கைத் துடைத்தார். பிறகு விசிலை எடுத்து, கீழ்வீட்டாருக்குக் கேட்காத அளவில் ஊதினார்.

“செல்லாது. நான் இன்னும் ஓய்வு பெறேல்லை.”

இப்போது அண்ணை மொன்றியலிலேயே லாசால் பகுதியில் இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் என்னைத் தோற்கடிக்கிறார். அன்று நான் எடுத்த தட்டு என் அலமாரியில் மடங்காமல் இருக்கிறது. அதில் நான் பெயர் எழுதும் நாள் வரவே வேண்டாம்.