ஆவிப் புருஷனுக்கு விவாகரத்து

ஜியாயி நகரச் சந்தைத் தெருவில் பஸ் திரும்ப முடியவில்லை. அவ்வளவு கூட்டம். எல்லாம் குரு ஜுவாங்கின் மகிமை! கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணுக்கெல்லாம் முற்பிறவியிலிருந்தே ஓர் ஆவிப் புருஷன் இருக்கிறானாம். அவன்தான் இந்தப் பிறவி மாப்பிள்ளைகளை விரட்டியடிக்கிறானாம். குரு பாதாள நீதிமன்றத்தில் பேசி விவாகரத்து வாங்கித் தருவார். நம்மூர் நீதிமன்றத்தில் ஒரு வாய்தா வாங்கவே நாக்குத் தள்ளுகிறது; அவருக்கு அங்கே அத்தனை செல்வாக்கு!

அவர் குறி சொல்லும் இடத்துக்கு எதிரே சோயாப்பால் கடை வைத்திருப்பவன் நான். அவர் கூட்டம்தான் என் வியாபாரம். அதற்காக வாயைக் கட்டிக்கொள்ள முடியுமா?

எங்கள் தெரு லியௌ அம்மாளின் இளைய மகள் பெய்-யூனுக்கு ஆண், பெண் யார் மீதும் உடல் ஈர்ப்பு வந்ததே இல்லை. தன்னைப் போன்றவர்களையும் சட்டம் பெயர் சொல்லி அங்கீகரிக்க வேண்டும் என்று என் கடை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற தாயே போடவில்லை.

"சட்டம் எதுக்குடி? குரு அந்த ஆவியை அறுத்து விடட்டும். தரகர் சொன்ன பல் டாக்டருக்கே உன்னைக் கட்டி வெச்சிடறேன்."

"எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நான் இப்படித்தான்."

"பேய் பிடிச்சவ எவ ஒத்துக்கிட்டா?"

அக்கா பெய்-லிங் குறுக்கே வந்தாள். "அம்மா, இவ பேரைச் சொல்லி நான் போய் உக்கார்றேன். நீ வாயே திறக்கக் கூடாது. ஆவியே தெரியிறவருக்கு ஆள் மாறினது தெரியாதா? தெரியலேன்னா பல் டாக்டர் பேச்சை விட்டுடணும்."

"உன்னைப் பார்த்ததுமே துரத்துவாரு, பாரு!" என்று அம்மாள் சவாலுக்கு ஒத்துக்கொண்டாள்.

குளிர்கால ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு பெய்-லிங் குருவின் முன் உட்கார்ந்தாள். சிவப்பு நூல்தான் ஜோடி சேர்க்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த நூல் கறுத்தால் ஆவி இருக்கிறது என்று சொல்லிப் பிழைப்பது குருவின் மூளை. அவள் மணிக்கட்டில் நூலைக் கட்டி கிண்ணத்து மந்திரத் தண்ணீரில் நனைத்தார். கறுத்தது!

"ஐயையோ! ஆண் வாடையே படாத உடம்பு! ஆவி தோள்மேல கை போட்டு உக்காந்திருக்கான்!"

கூட்டம் கன்னத்தில் கை வைத்தது. பெய்-லிங் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினாள். எட்டு மாத வயிறு!

குருவுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் விடுவாரா? "அது... அது ஆவியோட கரு!"

அவள் புருஷன் ஆ-காய், லாரி டிரைவர், துள்ளி எழுந்தான். "யோவ்! அப்போ பால் பவுடர், டயப்பர் எல்லாம் அவனையே வாங்கிட்டு வரச் சொல்லுய்யா!"

சிரிப்பு அடங்குவதற்குள் பெய்-லிங் இன்னொரு நூலைக் குருவின் கையிலேயே சுற்றிக் கிண்ணத்துக்குள் அமுக்கினாள். அதுவும் கறுத்தது.

"குருவே, உங்களுக்கும் ஆவிப் புருஷனா? பாவம், உங்களுக்கு யாரு விவாகரத்து வாங்கித் தருவாங்க?"

ஆ-காய் குருவுக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கினான். ஒரு வாளியில் கடுந்தேநீரில் ஊறும் நூல்கள். இன்னொன்றில் வினிகரில் ஊறும் துருப்பிடித்த ஆணிகள்; அதுதான் மந்திரத் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் எந்த ஆவியும் வராமலே கறுக்கும். குரு கொல்லைப்புறமாக ஓட்டம் பிடித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், பெய்-யூனைத் தவிர. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இல்லாத ஒருத்தனை என் புருஷன்னு அந்தக் குரு சொன்னான், உடனே நம்பிட்டே. இருக்கற நான் இத்தனை வருஷமா சொல்றேனே, ஏம்மா நம்பல?"

 அம்மாள் தெருவைக் கடந்து என் கடை வாசலுக்கு வந்தாள். மேசையில் கிடந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மற்றவர்கள்? "ஷின்காங்கில ஒரு குருவம்மா இருக்காங்களாமே, பஸ் எத்தனை மணிக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள். அடப் பாவிகளா! இல்லாத ஆவிக்குப் புருஷன் பதவி கொடுக்கிறீர்கள். உயிரோடு இருப்பவளுக்குச் சட்டத்தில் ஒரு சொல் கொடுக்க மட்டும் கை நடுங்குகிறதா? கொஞ்சம் யோசியுங்கள். அதற்குக் காணிக்கை கிடையாது.