நான் கெடுத்த கொலை

நான் ஒரு கொலையைக் கெடுத்தவன். முதல் பக்கத்திலேயே செத்திருக்க வேண்டிய மனிதர், என் புண்ணியத்தில் அரைமணி நேரம் உயிரோடு இழுத்துக்கொண்டு கிடந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். கள்ளக்குறிச்சியில் மாமனாரின் பாத்திரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். (மனதளவில் இலக்கியவாதி. இரண்டரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக நான் எழுதிய கதையை, "முற்றுப்புள்ளி விடுபட்டுள்ளது" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.) மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஒரு வாரம் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோறு கூடாது என்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மாதம் நாலு துப்பறியும் நாவல் படிப்பவர். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று தெருவே சொல்லும்.

"மாப்ள, நீங்க படிச்சுக் காட்டுங்களேன்" என்றார். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவும் சீரியலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

புத்தகத்தைப் பிரித்தேன். ‘கதவு திறந்தது. கத்தி மின்னியது.’ அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதெல்லாம் ஒரு நடையா? எழுதியவருக்கு உதவலாமே என்று சொந்தச் சரக்கை அவிழ்த்தேன்:

"காலத்தின் துருவேறிய கீல்கள் முனக, நெடுநாள் மௌனம் சுமந்த அந்தக் கதவு, நிலவின் பாலொளியில் நனைந்தபடி..."

"தொறந்துச்சா இல்லியா மாப்ள?"

"திறந்துகிட்டே இருக்குது மாமி."

"கொஞ்சம் எண்ண ஊத்தச் சொல்லுங்க" என்றார் செல்வி அக்கா.

நான் அசரவில்லை. முகமூடிக் கொலைகாரன் கல்வராயன் மலைக்குத் தப்பி ஓடும்போது, அவனை ஓரமாக நிற்கவைத்துவிட்டு மேகத்தை வர்ணித்தேன்.

"இன்னா மாப்ள, கொலகாரன தேடிக்கினு போறமா, டூர் போறமா?" என்று கேட்ட மாமி, கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார். (என் நடையில் மயங்கிவிட்டார் என்று சத்தியமாக நம்பினேன்.)

மேகத்துக்கு இடம் வேண்டாமா? சில வரிகளை வெட்டினேன். கதையில் வரும் டாக்டர் இடது கையால் தீக்குச்சி கிழிக்கிறார் என்று ஒரு வரி. இதில் என்ன அழகு இருக்கிறது? வெட்டு.

மூன்றாம் நாள், கண்ணை விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் கூடம் நிறைய இருக்கும்போது மாமி அறிவித்தார்: "சமையக்காரன்தான். எழுதி வெச்சுக்கோங்க."

கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். கொலைகாரர், டாக்டர். காட்டிக்கொடுத்தது அவருடைய இடது கைப் பழக்கம்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியின் முகம் சுருங்கிப்போனது.

"எடது கையா? அது எப்ப வந்துச்சு? நஸீமா, மொதல்லேர்ந்து நீ படி."

என் மனைவி படித்தாள். ‘கதவு திறந்தது. கத்தி மின்னியது.’ செல்வி அக்கா சட்டென்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் முதுகு சில்லிட்டது. அடுத்து என்ன ஆகும் என்று நஸீமாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். முடிவைப் படித்துவிட்டவன் நான்!

தீக்குச்சி வரி வந்தது. நஸீமா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கூடமே பார்த்தது.

"இத ஏன் மாப்ள வுட்டீங்க?"

"அழகியல் மாமி..."

"அழகியலா? அவன் யாரு? கதையிலயே வரலியே!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவி காணவில்லை என்றாலும், பிரியாணியில் கறி குறைந்தாலும், "அழகியல் தூக்கிக்கினு போயிருப்பான்" என்பார்கள். அவன் எங்கள் தூரத்துச் சொந்தம் என்று என் பிள்ளைகள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் மாமிக்கு இன்னொரு கண்ணில் ஆபரேஷன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய், "எப்படி இருக்கீங்க மாமி?" என்றேன். கட்டோடு படுத்திருந்தவர், என் குரல் கேட்டதும் கட்டிலை அவசரமாகத் தடவி, அங்கே கிடந்த நாவலைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் தலையை அழுத்திப் படுத்துக்கொண்டார்.