பக்கெட்டும் மாமனாரின் டிரம்பெட்டும்

இந்த உலகத்தில் ஓட்டை என்று ஒன்று இருக்கவே கூடாது என்று மனதார நம்பி, அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தியாகம் செய்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் பக்கெட். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். ஆவடி சேக்காட்டில் நாங்கள் ஆறு குடித்தனம் இருந்த காம்பவுண்டில் அது யாருக்கும் தெரியாது. ஒருமுறை கூரியர்காரர் முழுப் பெயரையும் சொல்லி விசாரித்தபோது, "அப்டி யாரும் இங்க இல்லியேப்பா" என்று திருப்பி அனுப்பியது அவருடைய சொந்த மனைவி.

பக்கெட் ஏ.சி. மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூர், ஆவடி, திருமழிசை என்று ஊரார் வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருப்பார். ஏழாவது நாள், வேலையில் மிஞ்சிய செம்புக் குழாய்த் துண்டுகளை வாசலில் பரப்பி, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, தன் சொந்த சந்தோஷத்துக்காக எதையாவது ஒட்டுவார். சுண்டுவிரல் பருமன் குழாயில் துண்டு காயப்போடும் ஸ்டாண்டு. அதைவிட மெல்லிய குழாயில் ஒரு மயில். ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் குழாயில் மயிலுக்குத் தோகை.

ஒட்டுவது என்றால் பசை போட்டு இல்லை. இரண்டு குழாய்களையும் சேர்த்து வைத்து, டார்ச் தீயில் சிவக்கச் சுட்டு, இணைப்பில் ஒரு கம்பியைத் தொட்டால், கம்பி உருகி இடுக்கெல்லாம் ஓடி நிறைந்துவிடும். பிரேசிங் என்பார். அது நடக்கும்போது காம்பவுண்டில் காற்று வீசக் கூடாது. மாடி வீட்டு அக்கா துணியை உதறக் கூடாது. கேட்டைப் படாரென்று சாத்தக் கூடாது. நான் ஒருநாள் பக்கத்தில் நின்று தும்மிவிட்டேன். ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒட்டி முடித்ததும் நீல நிற பக்கெட் வரும். நிறையத் தண்ணீர். குழாயின் ஒரு முனையை அடைத்து, உள்ளே முக்கி, மறுமுனையில் வாயை வைத்து ஊதுவார். குமிழி வந்தால் லீக். வராவிட்டால் அன்றைக்கு அவர் வீட்டில் கறிக்குழம்பு. துண்டு ஸ்டாண்டையும் இப்படித்தான் ஊதிப் பார்த்தார்.

"துண்டு காயப்போடற கம்பிக்கு லீக் டெஸ்ட் எதுக்கு அண்ணாத்தே?" என்றேன்.

"நாளைக்கே அதுல கேஸ் உடணும்னு வந்துச்சின்னா இன்னா பண்ணுவ?"

அவர் பார்த்த பார்வையில், கேட்டதே என் குறை என்று தோன்றியது.

போகப்போக அவர் சொந்தச் சாமானோடு நிற்கவில்லை. என் பைக் டியூப், மாடி வீட்டுக் குழந்தையின் பால் பாட்டில், கோடி வீட்டுக்காரர் பெருமையாக வாங்கிவந்த வாட்டர் புரூப் வாட்ச் எல்லாம் அந்த பக்கெட்டுக்குள் போய்த்தான் வந்தன. வாட்ச் பிறகு ஓடவில்லை. என் மனைவி ஸ்டெல்லா எனக்கென்று புதிதாக வாங்கிய டிபன் பாக்ஸை அவர் கேட்காமலே முக்கிப் பார்த்துவிட்டு, "சாம்பாரு லீக் ஆவும் நைனா" என்றார். மறுநாளே ஆனது.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் வேறு சாமி கும்பிடுகிறவன் என்பதால், பூந்தமல்லியில் இருந்த அவள் அப்பா இரண்டு வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. மாமா மாதா கோயில் தேர்த் திருவிழாக்களில் டிரம்பெட் ஊதுகிறவர். எங்காவது பேண்டு சத்தம் கேட்டால் ஸ்டெல்லா செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அப்படியிருக்க, ஒருநாள் அத்தை மட்டும் ரகசியமாக வந்தார். துணிப்பையில் மாமாவின் டிரம்பெட். பீரோ மேலிருந்து விழுந்து, வளைவுக் குழாய் இணைப்பில் பிய்த்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் தேர்.

"எப்டியாவது ஒட்டிக் குடுத்துடுங்க மாப்ள. ஒட்டனது நீங்கதான்னு நேரம் பாத்து நான் சொல்றேன். அவரு மனசு எறங்கும்" என்றார்.

இரண்டு வருஷக் கோபத்தை ஒரு குழாய் இணைப்பில் தீர்த்துவிடலாம் என்றால் சும்மா இருப்பேனா? பக்கெட்டிடம் ஓடினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா வளச்சிக்கீறான்! செஞ்சவன் கைக்கு முத்தம் குடுக்கலாம் நைனா."

டார்ச் எரிந்தது. காம்பவுண்டு மூச்சை அடக்கிக்கொண்டது. ஒட்டிய இடம் தெரியாமல் ஒட்டினார். கருத்த இடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினார். பிறகு டிரம்பெட்டின் அகலமான வாயில் ஒரு டென்னிஸ் பந்தைத் திணித்து, வளைவை பக்கெட்டில் முக்கி ஊதினார். ஒட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விரல் தள்ளிக் குமிழி வந்தது. அங்கே பொடியாக ஓர் ஓட்டை. அதை மூட ஸ்பிரிங்கோடு ஒரு விசை, விசையின் முனையில் தேய்ந்துபோன கார்க்கு.

"பாத்தியா? எவனோ ஓட்டய போட்டுட்டு, கார்க்கு வெச்சி ஏமாத்திக்கீறான். நல்ல வேள, நம்ம கையில வந்து மாட்டிச்சி" என்றவர், விசையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டையை ஒரேயடியாக அடைத்தார். நானும் பக்கத்தில் நின்று பூரித்துப்போனேன்.

தேர் அன்று கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டேன். முதல் இரண்டு பாட்டும் அமிர்தம். மூன்றாவது பாட்டில் டிரம்பெட் கொளகொளவென்றது. ஊதுகிறவரின் மூச்சோடு ஈரமும் எச்சிலும் உள்ளே சேருமாம். அதை அவ்வப்போது வடித்துவிடத்தான் அந்த ஓட்டை. மாமாவின் விரல் விசையைத் தேடுகிறது. விரலுக்கு வழவழவென்று பித்தளைதான் தட்டுப்படுகிறது. வாத்தியம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து அத்தை அவர் காதருகே போய், "நம்ம மாப்ளதாங்க ஒட்டிக் குடுத்தாரு" என்றார்.

அத்தையிடம் மெக்கானிக் விவரத்தைக் கறந்துகொண்டு, மறுநாள் காலையில் மாமா முதல்முறையாக எங்கள் காம்பவுண்டில் கால் வைத்தார். பக்கத்தில் நின்ற என்னைத் தாண்டிக்கொண்டு போனார்.

"எவன்யா இங்க ஏ.சி. மெக்கானிக்கு?"

"நான்தான். இன்னா, லீக்கா?"

"லீக் இல்லாததுதான்யா தலவலி! எச்சி போற ஓட்டய எதுக்குய்யா அடச்ச?"

பக்கெட் முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டய வேணும்னே உடுவாங்களா?"

"உடுவாங்க."

"செஞ்சவனேவா?"

"செஞ்சவனேதான்."

பக்கெட் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து டிரில்லை எடுத்தார். ஓட்டை போட்டு, விசையைத் திரும்ப மாட்டி, புதுக் கார்க்கு செதுக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை மாமா எங்கே போவார்? ஸ்டெல்லா வாசலில் டீயோடு நின்றாள். அவர் டம்ளரை வாங்கினார், அவளைப் பார்த்தார், "மெலிஞ்சி பூட்டியே" என்றார். அவள் அழுத அழுகையில் மாடி வீட்டு அக்காவும் சேர்ந்து அழுதார். மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு வருஷம் கழித்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "ஃபேன கொஞ்சம் ஜாஸ்தி பண்ணுப்பா."

அடுத்த ஞாயிறு மாமா மறுபடி வந்தார். "ஒட்டன எடத்துல லேசா காத்து போவுது." பக்கெட் டார்ச் வைத்தார். மாமா சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் அதே காற்று, அதே சாப்பாடு. ஒரு மாதம் இப்படியே ஓடியது. எனக்கு பக்கெட்டை நினைத்து அவமானமாகிவிட்டது. துண்டு ஸ்டாண்டில்கூட லீக் விடாத மனிதருக்குக் கை போய்விட்டதா?

ஐந்தாவது ஞாயிறு டிரம்பெட்டைத் தண்ணீரில் நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஊதினார். கடுகளவுக்கு ஒரே ஒரு குமிழி மேலே வந்தது.

"அண்ணாத்தே, குமிழி..." என்றேன். என் கால் கட்டைவிரலை அவர் செருப்பு நசுக்கியது.

"எங்க? ஒண்ணுமில்லியே! எட்த்துகினு போ நைனா. எதுனா இர்ந்தா வர்ற ஞாயித்துக்கெழம வா" என்று மாமாவிடம் நீட்டினார்.

மாமா போனதும் கேட்டேன். பக்கெட் என்னைப் பார்க்காமல் தண்ணீரைக் கொட்டினார்.

"டிரில்லு போட்ட அதிர்ல ஒட்டனது லேசா உட்டுச்சி. மொத நாளே மூடியிருப்பேன். மூடிட்டா அவுரு இன்னாத்துக்கு இங்க வரப்போறாரு? அந்தக் குமிழி வந்ததுலேந்து எங்க வூட்ல கறிக்கொழம்பே கெடையாது நைனா. உன் பொண்டாட்டி மூஞ்சிய பாத்து கம்முனு கீறேன்."

இப்போது நாங்கள் வேலப்பன்சாவடியில் இருக்கிறோம். பக்கெட் திருமழிசைக்கு அப்பால் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மாமா எங்களோடுதான் இருக்கிறார், பேத்திக்கு டிரம்பெட் சொல்லித் தருகிறேன் என்று தெருவையே எழுப்புகிறார். போன வாரம் ஸ்டெல்லா, "காத்து போவுதேப்பா, நல்ல கடையா பாத்துக் குடுக்கலாமே" என்றாள்.

"வேணாம்" என்றோம் மாமாவும் நானும், ஒரே குரலில்.

அந்த மனுஷன் தன் ஆயுளில் விட்டுவைத்த ஒரே ஓட்டை அது. அதையும் எங்களுக்காகத்தான் விட்டுவைத்தார்.