எறும்புப் போலீஸ்

தொட்டிச் செம்பருத்தியின் தண்டில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் கடிகாரக்காரர் முதலில் தன் மேஜையைத்தான் திரும்பிப் பார்த்தார். மனைவி அக்கா வீட்டுக்குப் போய் இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. "செடிக்கு ஏதாவது ஆச்சு, பால்கனியில இருக்கிற உங்க மேஜையைத் தூக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அவர் கடிகாரம் பழுது பார்ப்பது அந்த மேஜையில்தான். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடமும் அதுதான்.

"மாவுப்பூச்சி" என்றார் மாமனார், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "சாறை உறிஞ்சியே செடியைக் கொன்னுடும்."

ஆனால் தண்டில் எறும்புகள் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. கடிகாரக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போலீஸ் வந்துவிட்டது, இனி பூச்சிகளை ஒரு கை பார்த்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டினார். கூடுதல் படை வரட்டுமென்று சமையலறையிலிருந்து தொட்டிவரை சர்க்கரையால் ஒரு சாலையே போட்டுக் கொடுத்தார்.

படை வந்தது. மறுநாள் சர்க்கரை டப்பா எறும்பு வசம், மாமனாரின் செருப்பு எறும்பு வசம். பழுது பார்க்க வந்திருந்த சுவர்க் கடிகாரத்துக்குள்ளும் புகுந்துவிட, அது பத்தரையைத் தாண்ட மாட்டேன் என்று அடம் பிடித்தது. பூச்சிகளோ இரண்டு மடங்காகி, ஜம்மென்று கொழுத்திருந்தன.

பொறிவண்டு விட்டால் பூச்சியைத் தின்றுவிடும் என்று மாமனார் யோசனை சொன்னார். கடிகாரக்காரர் பூங்காவில் முட்டி தேயத் தவழ்ந்து, உதிரிபாக டப்பாவில் ஐந்து வண்டுகளைப் பிடித்து வந்தார். செடியில் விட்டதுதான் தாமதம், எறும்புகள் கடித்து விரட்டின. ஐந்தில் ஒன்று மாமனாரின் வழுக்கையில் சற்று இளைப்பாறிவிட்டுப் பறந்தது.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. கடிகாரம் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"மாமா, எறும்பு பூச்சியைத் தின்னவே இல்ல. மீசையால லேசா தடவிக் குடுக்குது. உடனே அது இனிப்பா ஒரு சொட்டு விடுது. அதைக் குடிச்சிட்டு இது காவல் நிக்குது."

செய்தித்தாள் முதன்முறையாக இறங்கியது. "தடவினாலே போதுமா?"

"போதும். ரெண்டுக்கும் ஆதாயம். நடுவுல சாகறது செடிதான்."

திருடனுக்குப் போலீஸே காவல் என்றால் யாரிடம் போய் முறையிடுவது? தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி எறும்புகளின் வழியை அடைத்தார். சோப்புத் தண்ணீரும் கடிகாரப் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மூன்றாம் நாள் செடியில் ஒரு பூச்சிகூட இல்லை. இலையும் இல்லை. உச்சியில் ஒரே ஒரு மொட்டு மட்டும் பாக்கி இருந்தது.

மனைவி வந்தாள். செடியைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள். கடிகாரக்காரர் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவளோ கோபப்படாமல் பக்கத்தில் வந்து அவர் முதுகை மெல்லத் தடவினாள்.

"ஒவ்வொரு பூச்சியா எடுத்தீங்களா? இந்தப் பொறுமை வேற யாருக்குங்க வரும்?"

கடிகாரக்காரர் உருகிப் போனார். "இதெல்லாம் ஒரு வேலையா? இன்னும் நாலு தொட்டி வாங்கி வை, நானே பாத்துக்கறேன். இடம் பத்தலைன்னா இந்த மேஜையை எடுத்துடலாம்."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"தடவினதும் சொட்டிட்டீங்களே, மாப்பிள்ளை."