சம்பந்தி பாலம் தாண்டமாட்டார்

“கலியாணம் சிட்னியிலதான்,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் அருந்தவன் போனில். “ஸ்ட்ராத்ஃபீல்டில மண்டபமும் பாத்தாச்சு.”

மெல்பேர்ணில் கேதீஸ்வரனின் கையிலிருந்த தேத்தண்ணியில் பாதி, கட்டியிருந்த சாரத்தில் சிந்தியது.

“பொம்பிளை வீட்டுப் பக்கம் வைக்கிறதுதானே முறை, சம்பந்தி? எங்கட கேரம் டவுன்ஸ் கோயில் இருக்கு...”

“முறையெல்லாம் ஊரோட சரி. நான் சிட்னியை விட்டு ஓரடி அசையமாட்டன்.”

போன் வைக்கப்பட்டது. மனைவி ராதா துடைப்பதற்குத் துணியோடு வந்தாள்.

“உண்மையைச் சொல்லிப்போடுங்கோவன்.”

“என்னெண்டு? மகளுக்கே சொல்லேல்லை, சம்பந்திக்குச் சொல்லுறதோ?”

உண்மை இதுதான். வேகமாகப் போனதற்காக கேமரா அவரைப் பல தரம் பிடித்திருந்தது. இனியும் பிடிபட்டால் லைசன்ஸ் போய்விடும் என்றிருந்தபோது திரும்பவும் பிடிபட்டதும், அந்த நேரம் கார் ஓடியது யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மச்சான்தான் என்று எழுதிக் கொடுத்தார். அதே நாளில் மச்சான் நல்லூரில் காவடி எடுத்த படத்தை மச்சானே பேஸ்புக்கில் போட்டிருந்தார். நீதவானுக்குக் காவடி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அந்த இடம் மெல்பேர்ண் இல்லை என்பது தெரிந்தது.

சிறை இல்லை. சனிக்கிழமைகளில் செம்மஞ்சள் சட்டை போட்டுப் பூங்காக்களில் குப்பை பொறுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் விக்டோரியா மாநிலத்தைத் தாண்டக் கூடாது. லைசன்ஸ் எப்படியும் போய்விட்டது. மகள் மிருணாளினிக்கு, கண் சரியில்லை, அதனால் கார் ஓடுவதில்லை என்று சொல்லியிருந்தார்.

ராதா ஊருக்கெல்லாம், “அவர் சனிக்கிழமையெண்டா தொண்டுக்குப் போறவர்,” என்று சொல்லி வைத்திருந்தாள். சம்பந்தம் ஒப்பேறியதே அதனால்தான். “எங்கட இவரும் சனிக்கிழமை தவறாமல் தொண்டுதான்,” என்று மாப்பிள்ளையின் தாய் பூரித்துப்போனாள். அதற்குப் பிறகு சாதகத்தைக்கூட யாரும் ஊன்றிப் பார்க்கவில்லை.

கேதீஸ்வரன் தன்னைக் கண்காணிக்கும் அதிகாரி கேத்ரினிடம் போனார்.

“அனுமதி இல்லாமல் ஒருவர் சிட்னி போனால் என்ன நடக்கும்?” என்று யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டார்.

“வாரண்ட் வரும். சிட்னிப் பொலிஸ் பிடித்து, அங்கே நீதவான் முன் நிறுத்தும். பிறகு இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் இருத்தி விமானத்தில் இங்கே கொண்டுவருவார்கள். பழைய வழக்கு திரும்ப எடுபடும். இந்த முறை சிறையும் கிடைக்கலாம்.”

அந்த விமானத்தில் தெரிந்த தமிழ்ச் சனம் நாலு பேராவது இருப்பார்களே என்பதுதான் கேதீஸ்வரனுக்கு முதலில் தோன்றியது.

“மகளின் கல்யாணம் என்றால் அனுமதி தரலாம்,” என்றாள் கேத்ரின். நல்ல பிள்ளை. “கல்யாணம் நடத்தும் வீட்டுக்கு நான் ஒருதரம் போன் பண்ணி விசாரிப்பேன். அவ்வளவுதான்.”

“வேண்டாம்!” என்று கதிரையை விட்டு எழும்பினார் கேதீஸ்வரன்.

அன்று பின்னேரம் சம்பந்திக்குப் போன் எடுத்து, “காதில ஒரு பிரச்சினை, பிளேன் ஏற ஏலாதாம்,” என்றார்.

“அப்ப காரில வாங்கோ.”

“இடுப்பும் பிடிச்சுப்போட்டுது. கனநேரம் இருக்க ஏலாது.”

அடுத்த நாள் மாப்பிள்ளையின் தாய் ராதாவைக் கூப்பிட்டாள். “கோவிக்காதேங்கோ. காது, இடுப்பு, கண்... இது பரம்பரை வருத்தமோ? பேரப்பிள்ளையளுக்கும் வருமோ?”

கேதீஸ்வரன் பதறிப்போய்ப் போனைப் பறித்தார். “வருத்தம் ஒண்டுமில்லை! இது நேர்த்தி. மகளின்ரை கலியாணம் முடியுமட்டும் விக்டோரியாவைத் தாண்டமாட்டன் எண்டு முருகனிட்ட நேந்தனான்.”

இப்போது அருந்தவனின் குரல் வந்தது. “முதல் காது, பிறகு இடுப்பு, இப்ப முருகனோ? என்ரை மகனைப் பிடிக்கேல்லை எண்டா நேர சொல்லுங்கோ!”

“நீங்கள் ஒருக்கா இஞ்சால வந்தால் என்ன குறைஞ்சு போவியள்?”

“மாப்பிள்ளை வீட்டான் ஏன் வரவேணும்?”

இரண்டு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. மிருணாளினி அழுதாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “நடுவில வைப்பம் அப்பா. எல்லையில, மரே ஆத்தடியில. ஹாஃப் வே.”

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வொடோங்கா, விக்டோரியா. அந்தப் பக்கம் ஆல்பரி, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ். கேதீஸ்வரன் சந்தோசமாக, “வொடோங்கா!” என்றார். அருந்தவன், “ஆல்பரி!” என்றார். மண்டபத்துக்கு மண்டபம் காரில் பத்து நிமிசம்கூட இல்லை.

நேரில் பேசித் தீர்ப்பதென்று முடிவாயிற்று. மிருணாளினி தகப்பனை ஏற்றிக்கொண்டு ஓட்டிவந்தாள். அருந்தவனை அவருடைய மகள் ராகவி சிட்னியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த ஆறு முழுவதும் நியூ சவுத் வேல்சுக்குத்தான் சொந்தம். பாலமும் அப்படியே. கேதீஸ்வரன் அதைத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். அதனால் கரையிலிருந்த மாநில எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் மரம்மாதிரி நின்றார். அருந்தவன் பாலம் முழுக்க நடந்து வந்தார். கேதீஸ்வரனுக்கு உயிர் வந்தது. பலகைக்கு ஓரடி முன்னால் அருந்தவனும் நின்றுவிட்டார்.

இரண்டு பேரும் கை நீட்டினால் தொடலாம்.

“வாங்கோ சம்பந்தி, இஞ்சால ஒரு தேத்தண்ணி குடிப்பம்,” என்றார் கேதீஸ்வரன்.

“நீங்கள் இஞ்சால வாங்கோ.”

“நான் முதல் கூப்பிட்டனான்.”

“நான் பாலம் முழுக்க நடந்தனான்!”

மிருணாளினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓரடி. எனக்காக ஓரடி வைக்க ஏலாதா அப்பா? போதும். இந்தக் கலியாணமே வேண்டாம்.” மோதிரத்தைக் கழற்றத் தொடங்கினாள். அது விரலில் இறுகிக் கிடந்தது. அவள் அழுதுகொண்டே இழுத்தாள்.

கேதீஸ்வரனால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்த விரலைப் பிடித்துத்தான் அவளை முதன்முதலாகப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனார். சிட்னிப் பொலிஸ் வரட்டும், வாரண்ட் வரட்டும், விமானத்தில் ஊர்ச் சனமெல்லாம் பார்க்கட்டும். சப்பாத்துக் காலைத் தூக்கினார்.

“அங்கிள், நில்லுங்கோ!”

ராகவி ஓடிவந்து ஒரு கையால் அவருடைய சட்டையைப் பிடித்தாள். மறு கையில், அதேமாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற தன் தகப்பனின் சட்டை.

“ப்ளீஸ், ரெண்டு பேரும் காலைக் கீழ வையுங்கோ. அப்பாவுக்கு நீதவான் போட்ட சனிக்கிழமைத் தொண்டு தை மாசத்தோட முடியுது. உங்களுக்கு எப்ப அங்கிள்?”