ஒயரில் ஏறாத குறட்டை

“கரண்டை மட்டும் வாங்கிக் குடிக்குது, ஒரு வேலை சொன்னா அசைய மாட்டேங்குது! இது போனா, இல்ல உங்க தம்பியா?”

வார்டனம்மா போட்ட சத்தத்தில் அவள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். போன் கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைந்திருந்தது. சார்ஜ் ஏறியதே தவிர, வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு வேண்டியதோ போனுக்குள் இருந்த பத்து ஒலிப்பதிவுகள். பத்தும் வீட்டுக்காரருக்கு எதிராக அவள் சேர்த்த குறட்டை ஆதாரம்.

விவகாரம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் வீட்டுக்காரரின் தங்கை வீட்டில், எல்லார் முன்னாலும் மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “எங்க வார்டன் விடுற குறட்டையில ஜன்னல் கண்ணாடி அதிருது” என்று சொல்லிவிட்டார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். நூற்றெண்பது பெண்கள் இருக்கும் விடுதியைக் கண்பார்வையிலேயே அடக்கி ஆளுகிறவளுக்கு இது எப்பேர்ப்பட்ட அவமானம்!

“யார் குறட்டை விடுறாங்கன்னு நிரூபிக்கிறேன். விடுறவங்க இனிமே ஹால்லதான் படுக்கணும்” என்று அன்றைக்கே சபதம் போட்டாள். பத்து நாளாக, படுக்கும்போது போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கினாள். இன்று நாலு மணிக்கு நாத்தனாரும் அவள் கணவரும் ஆதாரத்தைக் கேட்க வருகிறார்கள். போன் ஒருமுறை பக்கெட்டில் விழுந்ததிலிருந்து அதன் ஸ்பீக்கர் கம்மிப்போய்விட்டது. கம்ப்யூட்டருக்கோ பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டு உண்டு.

“விடும்மா. நானே ஹால்ல படுத்துக்கறேன்” என்றார் வீட்டுக்காரர்.

“குட்டு உடையப் போகுதுன்னதும் சமாதானமா? விசாரணை இல்லாம நான் யாருக்கும் தண்டனை கொடுத்ததில்ல!”

ஒயரைச் சுருட்டிக்கொண்டு தெருமுனை செல்போன் கடைக்கு நடந்தாள்.

“மேடம், இது சார்ஜ் மட்டும் ஏத்துற ஒயர். இதுல ஃபைல் போகாது” என்றார் கடைக்காரர்.

“போகாதுன்னா அதை முன்னாடியே சொல்லி விக்கணும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எவன் கண்டான்?”

“இது நான் வித்தது இல்லையே மேடம்.”

“யார் வித்தா என்ன? எல்லாரும் கூட்டுக் களவாணிங்க!”

புது ஒயரை மாட்டினாள். இந்தக் கம்ப்யூட்டரை உள்ளே அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. பதினெட்டு வருஷமாக, அனுமதி கேட்டு வந்த எந்த விண்ணப்பத்துக்கும் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. விரல் தானாகப் போய் ‘மறு’ என்பதை அமுக்கியது. அதோடு போன் வாயை மூடிக்கொண்டது.

“திரும்பக் கேளேன்! எங்க பொண்ணுங்க நாலு தடவை வந்து நிப்பாளுங்க. உனக்கு மட்டும் என்ன அவ்வளவு ரோஷம்?”

“ஒயரைக் கழட்டி மறுபடி மாட்டினா...” என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

“குற்றவாளியோட உதவி எனக்கு வேணாம்!”

மணி மூன்றரை. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம் என்று தோன்றியது. கோபத்தில் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. குறட்டை நேராக விடுதிக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

‘மேடம், தண்ணி மோட்டார் மறுபடி ரிப்பேரா?’

‘மேடம், இது என்ன மிருகம்? பரீட்சைக்கு வருமா?’

பதறிப்போய் அழித்தாள். அவசரத்தில் எதையோ அமுக்க, அது அவள் போனில் மட்டும் அழிந்தது. நூற்றெண்பது போன்களில் குறட்டை சௌக்கியமாக இருந்தது. அதை ஒருத்தி ரிங்டோனாகவே வைத்துவிட்டாள் என்று இன்னொருத்தி போட்டுக்கொடுத்தாள்.

“எல்லாம் உங்களால! நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு விடுதிக்குள்ள நுழைவேன்?”

“இதோட விட்டுடேன்மா. நான்தான் குறட்டை விடுறேன்னு எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன்.”

“கையெழுத்து யாருக்கு வேணும்? உங்க தங்கச்சி அதைக் காதால கேக்கணும்!”

போனை அணைத்து, உயிர்ப்பித்து, ஒயரை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதி கொடுத்தாள். நகல் எடுக்காமல் பத்தையும் மொத்தமாக வெட்டிக் கம்ப்யூட்டரில் போட்டாள். முதலாவது போய்ச் சேர்ந்ததும் வாசல் மணி அடித்தது. துள்ளி எழுந்தவளின் கால் ஒயரில் மாட்டி, போன் தரையில் விழுந்து மூச்சை விட்டது. மிச்சம் ஒன்பதும் அதோடு போயின.

“ஒண்ணு போதும்டா சாமி!” என்று போய்க் கதவைத் திறந்தாள்.

நாத்தனாரும் கணவரும் உட்கார்ந்தார்கள். வார்டனம்மா சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டாள். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு குறட்டை கிளம்பியது. அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுத்தன. நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள்.

“கேட்டீங்களா! மனுஷன் விடுற சத்தமா இது? இதைத் தூக்கி என் தலையில கட்டினாரே, எனக்கு எப்படி இருந்திருக்கும்!” அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“ஏண்ணா, உனக்கு வெக்கமா இல்ல? அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளு” என்றாள் நாத்தனார்.

“தப்புதான். இன்னையிலேருந்து ஹால்ல படுத்துக்கறேன். அதை நிறுத்தும்மா முதல்ல” என்றார் வீட்டுக்காரர்.

மறுபடி வாசல் மணி. என்ன சத்தம் என்று பார்த்துவரச் சொல்லிக் கீழ் வீட்டுக்காரர்கள் வாட்ச்மேனை அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் பாய்ந்து போய் அவரிடம் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். வாட்ச்மேன் எதையும் கவனிக்காமல் தலையை உள்ளே நீட்டினார்.

“பத்து நாளா, சார் தலையணையைத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்கு வந்து படுத்தப்புறம்தானே மேடம் இந்த வீட்லேருந்து இந்தச் சத்தம் வரும், இன்னைக்கு என்ன பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுடுச்சு?”