பிரசிடென்ட் அக்காவின் அமெரிக்கச் சட்டம்

பெங்களூரில் அமெரிக்கச் சட்டப்படி ஆட்சி நடந்த ஒரே கட்டடம் தொம்மலூரில் இருந்தது. தூதரகம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல். இரண்டு மாடி, பதினான்கு பெண்கள், மூன்று பாத்ரூம், எப்போதாவது மனசு வைத்தால் வேலை செய்கிற ஒரு கீஸர். அங்கே வெந்நீர் முதல் வெண்பொங்கல் வரை எந்தத் தகராறு வந்தாலும் அமெரிக்க முறைப்படி விசாரித்துத் தீர்த்துவைக்க ஒருத்தி இருந்தாள். பெயர் பிரசிடென்ட் அக்கா.

அவள் எதற்கும் பிரசிடென்ட் இல்லை. குடியாத்தத்தில் பி.காம் முடித்துவிட்டு வந்தவள். என்னைவிட மூன்று வயது பெரியவள். இருவரும் ஒரே நாளில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். தொம்மலூர் மேம்பாலம் பாதியில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அமெரிக்கக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைக் கம்ப்யூட்டரில் படித்து வகைபிரித்து வைப்பதுதான் வேலை. காமர்ஸ் படித்த எங்களுக்கு அமெரிக்கச் சட்டம் எங்கே தெரியும்? அதனால் முதல் ஆறு வாரம் வகுப்பு நடத்தினார்கள்.

பாடம் எடுத்தவர் மங்களூர்க்காரர். இரண்டு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்ததால் வாட்டரை 'வாடர்' என்பார். போர்டில் நாலு கட்டம் போட்டார். அமெரிக்கச் சட்டம் நாலு இடத்திலிருந்து வருகிறதாம். முதலில் அரசியல் சாசனம். அடுத்தது சட்டசபைகள் இயற்றும் சட்டம். மூன்றாவது, அரசுத் துறைகள் போடும் விதிகள். நாலாவது நீதிமன்றத் தீர்ப்பு. ஒரு வழக்கில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டால், அதே மாதிரி வழக்கு மறுபடி வரும்போது அதையே பின்பற்ற வேண்டும். அந்த முன் தீர்ப்புக்குப் பெயர் 'பிரிசிடென்ட்'.

நாங்கள் இருபது பேரும் இது பரீட்சைக்கு வருமா வராதா என்ற கவலையில் இருந்தோம். அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"ஒருத்தருக்குச் செஞ்சதை இன்னொருத்தருக்கும் செஞ்சே ஆகணுமா சார்?"

"அதே சூழ்நிலைன்னா, யெஸ்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

ஐந்து பெண்களில் நடுவில் பிறந்தவள் அவள். இரண்டு அக்காக்களின் பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டு, இரண்டு தங்கைகளுக்குப் புதுசு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த 'யாரா இருந்தாலும்' அவளை என்ன செய்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. உட்காரவே மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வாயைத் திறந்தால் பிரிசிடென்ட்தான். ஹாஸ்டல் வாட்ச்மேன் காதில் அது 'பிரசிடென்ட்' என்று விழுந்தது. ஏதோ பெரிய பதவியில் இருக்கிற பெண் என்று நினைத்து, அவளைக் கண்டால் பீடியை மறைத்துக்கொண்டு சல்யூட் அடிக்க ஆரம்பித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் சாப்பிடும்போது எங்களுக்கு அவள் நடத்திய பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது.

"வாசல்ல தொங்குதே போர்டு, அதான் அரசியல் சாசனம். ஹாஸ்டல் ஆன்ட்டி அப்பப்போ போடறது சட்டம். கிச்சன்ல மஞ்சுளாக்கா போடறது துறை விதி. போன வாரம் ஜெயந்திக்கு நாலாவது சப்பாத்தி குடுத்தாங்கல்ல? அது பிரிசிடென்ட்!"

மங்களூர்க்காரர் ஆறு வாரம் சொன்னது அந்த ஒரு தட்டில் புரிந்துவிட்டது.

படித்ததோடு நிறுத்தினாளா? சமையல்கார மஞ்சுளாக்கா, ஐந்து மணிக்கு மேல் டீ கிடையாது என்று ஒரு விதி போட்டார். நாங்கள் ஆபீஸிலிருந்து வருவதே ஆறு மணிக்கு. அக்கா நேராக வாசலுக்குப் போனாள். 'மாலை டீ உண்டு' என்று எழுதியிருந்த போர்டை ஆணியோடு கழற்றி, இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு கிச்சனுக்குள் போனாள். "அரசியல் சாசனத்துக்கு எதிரா ஒரு விதி செல்லாது மஞ்சுளாக்கா." மஞ்சுளாக்கா போர்டைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், டீ போட்டார்.

அடுத்த வாரம் ஜெயந்தியின் தீர்ப்பைக் காட்டி நாலாவது சப்பாத்தி கேட்டாள். மஞ்சுளாக்கா அசரவில்லை. "அவளுக்கு ஜ்வரா இருந்துச்சு. ரெண்டு நாளா பட்டினி. நீ குண்டுக்கல்லு மாதிரி இருக்கே. அதுவும் இதுவும் ஒண்ணா?"

அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். "கேட்டீங்களாடி? அந்த வழக்கு வேற, இந்த வழக்கு வேறன்னு பிரிச்சுக் காட்டிட்டாங்க! பெரிய ஜட்ஜுங்க செய்யறதுடி இது!" சப்பாத்தி கிடைக்கவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக மூன்று சப்பாத்தியோடு எழுந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஜெயிப்பது அவளுக்கு முக்கியமில்லை. காரணம் சொல்லித் தோற்கடித்தால் போதும்.

இப்போது என் வழக்கு. ஆபீஸில் கூட வேலை பார்த்த சுரேஷோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஹாஸ்டல் எதிரே ஜூஸ் கடையில் முக்கால் மணி நேரம் நின்று பேசினேன். திங்கட்கிழமை காலையில் போர்டில் புது வரி: 'கேட் எதிரே ஆண்களுடன் நின்று பேசினால் ரூம் காலி.' ஹாஸ்டல் நடத்திய ஆன்ட்டி, மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். என்னைக் கூப்பிட்டுவிட்டு ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணகிரியில் அப்பாவுக்கு அந்த ஃபோன் போனால் என் வேலை, பெங்களூர், எல்லாம் அன்றோடு சரி. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். அக்கா கூட வந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ரூல் எப்போ போட்டீங்க?"

"இன்னிக்கு பெளிக்கே, காலைலதான். ஏன்?"

"இவ நின்னது?"

"நேத்து சாயந்திரம். நானே மாடிலேருந்து பாத்தேன்."

"அப்போ நேத்து அது தப்பே இல்லையே ஆன்ட்டி. இன்னிக்குச் சட்டம் போட்டு நேத்து செஞ்சதுக்குத் தண்டனை குடுக்கக் கூடாது. அமெரிக்கா அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிருக்காங்க."

"இது அமெரிக்காவாம்மா? இது என் மனை! என் வீடு!"

"உங்க வீடுதான். நியாயமான வீடுன்னுதான் எங்கப்பா என்னை இங்க விட்டுட்டுப் போனாரு."

ஆன்ட்டி ஒரு நொடி தயங்கினார். அப்புறம் ரிசீவரை எடுத்தார். அப்போது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அங்கிளின் குரல் வந்தது. செக்ரடேரியட்டில் ரிட்டையரான பிறகு அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"அல்சூர் ஏரிக்கரைல நான் உன்கிட்ட வந்து பேசினப்போ எந்த ரூல் இருந்துது சாவித்ரி?"

அக்கா அவர் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "பிரிசிடென்ட்!"

ஆன்ட்டியின் முகம் சிவந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "சும்னிர்றீ! சும்மா இருங்க!" என்று அங்கிளை அதட்டிவிட்டு ரிசீவரை வைத்தார். நான் தப்பித்தேன்.

இரண்டே மாதத்தில், அதே ஜூஸ் கடையில் வேறு பெண்களோடும் சுரேஷுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது தெரிந்தது. அழுதுகொண்டு போனேன். அக்கா சொன்னாள்: "சட்டம் உன்னைத்தான்டி காப்பாத்தும். உன் டேஸ்ட்டை அதால ஒண்ணும் பண்ண முடியாது."

அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் வணிகச் சட்டம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. பாதி ஃபீஸ் தள்ளுபடி. கடிதத்தை எங்கள் பதிமூன்று பேருக்கும் படித்துக் காட்டினாள். விசாவுக்குச் சென்னை போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பி வந்து ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். பிரிவு எண் போட்டு, விசா மறுக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தது.

"பாத்தியா, காரணம் எழுதிக் குடுத்திருக்காங்க. வர்றவங்க எல்லாம் அங்கேயே தங்கிடத்தான் வர்றாங்கன்னு சட்டம் எடுத்துக்கும். இல்லைன்னு நாமதான் காட்டணும். எனக்கு நிலம் இல்ல, வீடு இல்ல, கல்யாணம் ஆகல. எதைக் காட்டுவேன்? அந்த ஆபீசர் இடத்துல நான் இருந்தாலும் இதான்டி சொல்லியிருப்பேன்."

"அநியாயம்க்கா."

"அநியாயம் இல்லடி. எனக்கு முன்னாடி நின்ன பையனுக்கும் இதேதான்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று அவளே தீர்ப்புச் சொன்ன பாத்ரூம். வாளி நிரம்பி வழியும் சத்தம் முக்கால் மணி நேரம் கேட்டது. வெளியே நாலு பேர் துண்டோடு நின்றோம். ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை.

ஒரு வருஷத்தில் அந்த வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. சாந்திநகர் பஸ் ஸ்டாண்டில் அவளைக் குடியாத்தம் வண்டியில் ஏற்றிவிட்டேன். ஒரே ஒரு கடிதம் வந்தது. 'லா காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. நம்ம ஊர்ச் சட்டம்தான். இங்கேயும் முன் தீர்ப்பு உண்டாம்டி, இருக்காதோன்னு பயந்துகிட்டேதான் சேர்ந்தேன்' என்று எழுதியிருந்தாள். நாளைக்குப் பதில் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் நான் ஈஜிபுராவுக்கு மாறினேன். ஆன்ட்டி ஹாஸ்டலை விற்றுவிட்டுப் போனார். கடிதமும் எங்கோ தொலைந்தது. அவள் நிஜப் பெயர் தமிழ்நாட்டில் தெருவுக்கு மூன்று பேருக்கு உண்டு. தேடித் தேடிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து என் ஆபீஸ் என்னை அமெரிக்காவில் ஒரு சின்ன ஊருக்கு மூன்று வாரம் அனுப்பியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோகும்போது கோர்ட் கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாமாம். போனேன். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒழுகுகிற கூரையைப் பற்றிச் சண்டை. குடித்தனக்காரரின் வக்கீல் பழைய வழக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, அதுவும் இதுவும் எப்படி ஒன்று என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. வயதான ஒரு அம்மா வந்து, இங்கே யாராவது வருகிறார்களா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.